கையெழுத்து அசல்தான், ஆனால் புத்தகத்தில் போட்டதல்ல

பட்டர்வொர்த் வாசகரின் கேள்வி: இசபெல்லா பேர்ட் 1879-இல் மலாயாவில் பயணம் செய்து, 1883-இல் வெளியிட்ட 'தி கோல்டன் செர்சனீஸ்' முதல் பதிப்பை ஜார்ஜ்டவுன் பழைய புத்தகக் கடையில் 15,000 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். ரசீதில் 'ஆசிரியர் கையெழுத்திட்ட பிரதி' என்றிருக்கிறது. கடிதத்திலிருந்து வெட்டி ஒட்டிய கையெழுத்து என்று பிறகுதான் தெரிந்தது. புத்தகத்தை வைத்துக்கொள்ளுங்கள், 6,000 தருகிறேன் என்கிறார் கடைக்காரர். முழுப் பணம் கேட்டு வழக்குப் போடலாமா?

ஐயா, கடைக்காரர் உங்கள் அப்பாவின் நண்பர், உங்கள் கல்யாணத்துக்கு வந்தவர், இப்போது போனையே எடுப்பதில்லை என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். வேதனை புரிகிறது. ஆனால் நீதிபதி பார்க்கப்போவது ரசீதிலுள்ள மூன்று சொற்களைத்தான்.

வர்ணித்து விற்ற பொருள் அந்த வர்ணனைக்கு ஒத்திருக்க வேண்டும் என்கிறது 1957 பொருள் விற்பனைச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு. ஆப்பிரிக்காவைச் சுற்றிய பயணி ஹென்றி ஸ்டான்லியின் 1890 ஆப்பிரிக்கப் பயண நூலில், எண்ணிட்டு அவரே கையெழுத்துப் போட்ட 250 பிரதிகள் தனியாக வந்தன. 'கையெழுத்திட்ட பிரதி' என்றால் அதுதான். நீங்கள் அனுப்பிய படத்தில் ஒட்டுத்துண்டின் மேல் விளிம்பில், வெட்டுப்பட்ட முந்தைய வரியின் எழுத்து வால் தெரிகிறது. இதுவரை நீங்கள் பலமாகவே நிற்கிறீர்கள்.

அதற்கப்புறம் செய்ததுதான் சிக்கல். விஷயம் தெரிந்தும் ஏழு மாதம் வைத்திருந்தீர்கள். துண்டின் பின்புறத்தைப் பார்க்க ஆவி காட்டிப் பெயர்த்தீர்கள். புத்தகத்தின் முதுகு அட்டையையும் மாற்றிப் புதிதாகக் கட்டினீர்கள். பழம்பொருள் வாங்கியவர்கள் விழும் குழி இது. என்னிடம் வந்தவர்களில் பலர் இப்படித்தான் விழுந்தார்கள். விற்றவரின் உரிமைக்கு ஒவ்வாத செயலைச் செய்தாலோ, நியாயமான காலத்துக்கு மேல் வைத்திருந்தாலோ பொருளை ஏற்றுக்கொண்டதாகிவிடும் என்கிறது 42-ஆவது பிரிவு. ஏற்றுக்கொண்ட பிறகு திருப்பிக் கொடுத்து முழுப் பணம் கேட்க முடியாது, நஷ்டஈடு மட்டும்தான். அதுவும் கையெழுத்திட்ட பிரதிக்கும் உங்களிடமுள்ள பிரதிக்கும் உள்ள விலை வித்தியாசம். அதை நிரூபிக்க நிபுணர் வேண்டும், அவருக்குக் கட்டணம் வேண்டும். ஒட்டிய கையெழுத்து அசல் என்றால் அதற்கும் ஒரு விலை உண்டு, எதிர்த்தரப்பு அதைக் கழிக்கச் சொல்லும். நீங்கள் ஆவி காட்டியதால் வந்த சேதத்தையும் உங்கள் தலையிலேயே கட்டும்.

பயனீட்டாளர் நடுவர் மன்றம் 50,000 ரிங்கிட் வரை விசாரிக்கும், வக்கீல் தேவையில்லை. சரி, போகலாம். ஆனால் அங்கேயும் இதே கேள்விதான் வரும்.

சமரசம் செய்துகொள்ளுங்கள். 7,000 கேட்டுப் பாருங்கள், 6,000-க்குக் கீழே இறங்காதீர்கள். முதலில் முகநூலில் அவர் படத்துடன் 'மோசடிக்காரர்' என்று போட்ட பதிவை இன்றைக்கே நீக்குங்கள். அவர் அவதூறு வழக்குப் போட்டால் இந்த 6,000 அதற்கே போய்விடும். ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்குங்கள். புத்தகம் உங்களுடையது என்றும், அந்தப் பதிவுக்காக இனி வழக்கில்லை என்றும் அதில் இருக்கட்டும். பணம் கணக்கில் ஏறும்வரை அந்தத் துண்டை மறுபடி ஒட்டாதீர்கள்.