நம் பாட்டை நாமே விற்கலாமா? தென்னாப்பிரிக்கத் தமிழ்க் கலைஞர்களுக்குப் பதில்கள்

கேள்வி (சாட்ஸ்வர்த்): அக்கா, எங்கள் பஜனைக் குழு ஐந்து காவடிப் பாட்டு பதிவு செய்திருக்கிறது. ஸ்பாட்டிஃபையில் போடுவதா, பேண்ட்கேம்ப்பிலா?

பதில்: முதலில் பேண்ட்கேம்ப், தம்பி. பாட்டை நேரே ரசிகர்களுக்கு விற்கும் இணையதளம் அது. அங்கே விற்கும் விலையில் 15 சதவீதம் அவர்கள் எடுப்பார்கள், பணம் கைமாறும் கட்டணம் தனி. ஐம்பது குடும்பம் ஆளுக்கு 3 டாலர் கொடுத்தால் 150 டாலர். அதில் 22.50 அவர்களுக்கு, மிச்சத்தில் கட்டணம் போக உங்களுக்கு. ஸ்பாட்டிஃபை பாட்டை விற்பதில்லை, இணையத்தில் ஓடவிட்டுக் கேட்க வைக்கும் தளம். அங்கே 2024 முதல், பன்னிரண்டு மாதத்தில் 1,000 முறைகூட ஓடாத பாட்டுக்குக் காசே கிடையாது. தைப்பூசத்தை ஒட்டி மட்டும் கேட்கிற பாட்டு அந்தக் கணக்கை எட்டுவது கஷ்டம். அங்கேயும் போடுங்கள், ஆனால் விளம்பரப் பலகையாக நினைத்துப் போடுங்கள்.

வாங்கியவர்களின் மின்னஞ்சல் முகவரியும் பேண்ட்கேம்ப்பில் உங்களுக்குக் கிடைக்கும். பணத்தைவிட அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். அடுத்த பாட்டு வந்ததும் நேரே அவர்களுக்கே எழுதலாம். பாட்டு வரிகளைத் தமிழிலும் ஆங்கில எழுத்திலும், பொருளோடு சேர்த்துக் கொடுங்கள். நம் பிள்ளைகள் பலருக்குப் பாட வரும், படிக்க வராது.

கேள்வி (பீனிக்ஸ்): பேண்ட்கேம்ப்பில் விற்ற பணத்தை எப்படி எடுப்பது?

பதில்: பேபால் என்ற இணையப் பணச் சேவையில் வரும். நம் நாட்டில் அதை எஃப்.என்.பி. வங்கி வழியாக ரேண்டாக எடுக்கலாம்.

கேள்வி (டோங்காட்): பழைய சினிமா பக்திப் பாட்டைப் பாடி விற்கலாமா?

பதில்: அனுமதி இல்லாமல் வேண்டாம். இங்கே பாட்டெழுதியவர், இசையமைத்தவர் காலமாகி 50 வருடம் வரை உரிமை இருக்கிறது. திருப்புகழ், அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்து போன்றவற்றின் வரிகளுக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் இன்றைய ஒருவர் போட்ட மெட்டை எடுக்காதீர்கள்.

கேள்வி (மவுண்ட் எட்ஜ்கோம்): எங்கள் தாத்தா ஆடும் சிக்ஸ் ஃபுட் டான்ஸை வீடியோ எடுத்திருக்கிறேன்.

பதில்: படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. தெருக்கூத்துக்கு நம் நாட்டில் நின்ற பெயர் அது; ஆடத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். விடிய விடிய நடக்கும் கூத்தை அப்படியே யூடியூபில் போட்டால் யாரும் உட்கார்ந்து பார்க்க மாட்டார்கள். வேஷம் கட்டுவது, திரைக்குப் பின்னாலிருந்து முதல் பாட்டு எழும்புவது என்று ஐந்து நிமிடத் துண்டுகளை இலவசமாகப் போடுங்கள். முழுக் கூத்தை விலைக்கு வையுங்கள். அதற்கு முன் தாத்தாவிடமும் மேளக்காரர்களிடமும் சம்மதம் கேட்டு, யாருக்கு எவ்வளவு பங்கு என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

மூலப் பதிவை இரண்டு இடத்திலாவது வையுங்கள். என் முதல் பதிவை ஒரு ஸ்டூடியோவை நம்பி விட்டேன். இரண்டு வருடம் கழித்துக் கேட்டபோது அழித்துவிட்டார்கள். அதில் பாடிய என் பெரியம்மாவின் குரல் இப்போது எங்கேயும் இல்லை. இன்றைக்கே ஒரு நகல் எடுத்துவிடுங்கள், தம்பி.

கேள்வி (ஜோகன்னஸ்பர்க்): சாம்ரோவில் சேர வேண்டுமா?

பதில்: பாட்டெழுதியவர், இசையமைத்தவர்களுக்கு உரிமைத்தொகை வாங்கித் தரும் அமைப்பு சாம்ரோ. வரியோ மெட்டோ உங்களுடையது என்றால் சேருங்கள். லோட்டஸ் எஃப்.எம். போன்ற வானொலியில் ஒலித்தால் அந்த உரிமைத்தொகை அவர்கள் வழியாகத்தான் வரும். பாடியவருக்கான தொகைக்கு சாம்ப்ரா என்று தனி அமைப்பு இருக்கிறது.