வாசகர் கேள்வி-பதில்: ரமல்லாவில் குவேக்கர்கள், மூதூரில் நாங்கள்

சென்ற இதழில், ஆக்கிரமிப்பின் கீழ் வாழும் பலஸ்தீனர்களுக்காக வேலை செய்யும் குவேக்கர்கள் பற்றி ஒரு சின்னக் குறிப்புப் போட்டிருந்தோம். அதற்கு இவ்வளவு கடிதம் வருமென்று நினைக்கவில்லை. திருகோணமலையில் பலஸ்தீனம் என்று வாயெடுத்தாலே நம்முடைய கதையும் கூடவே வந்துவிடுகிறது, அதுதான் காரணமாக இருக்கும். கோபமாக எழுதியவர்களுடையதையும் சேர்த்தே எடுத்திருக்கிறேன்.

குவேக்கர் என்றால் அந்த ஓட்ஸ் டின்காரரா? (வாசகி, நிலாவெளி)

இல்லை அம்மா. ஓட்ஸ் கம்பனி பெயரை எடுத்து வைத்துக்கொண்டது, மற்றபடி இவர்களுக்கும் அதற்கும் ஒரு கொடுக்கல் வாங்கலும் கிடையாது. 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் தோன்றிய கிறிஸ்தவப் பிரிவினர் இவர்கள். எந்தக் காரணத்துக்காகவும் ஆயுதம் தூக்கமாட்டோம் என்று அப்போதே இரண்டாம் சார்ள்ஸ் மன்னனுக்கு எழுதிக் கொடுத்தவர்கள். பலஸ்தீனத்தில் மேற்குக்கரையில் இருக்கும் ரமல்லா நகரில் 1869இல் பெண்பிள்ளைகளுக்கும் 1901இல் ஆண்பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் திறந்தார்கள். துருக்கியர், பிரித்தானியர், ஜோர்தான், 1967க்குப் பிறகு இஸ்ரேல் என்று ஆட்சி மாறிக்கொண்டே இருந்தது, பள்ளிக்கூடம் இன்றும் நடக்கிறது. முஸ்லிம் பிள்ளைகளும் கிறிஸ்தவப் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்கிறார்கள்.

சாமான் கொடுப்பார்கள், படம் எடுப்பார்கள், அறிக்கை எழுதுவார்கள், போய்விடுவார்கள். சுனாமிக்குப் பிறகு நாங்கள் பார்க்காத வெள்ளை வாகனமா? இவர்கள் மட்டும் என்ன வித்தியாசம்? (ஓய்வுபெற்ற ஆசிரியர், உப்புவெளி)

சேர், உங்கள் சந்தேகம் எனக்கும் உண்டு. ஆனால் இந்த விஷயத்தில் குவேக்கர்கள் உங்களுக்கு முன்பே அதே சந்தேகத்தைப் பட்டு, அதை ஐ.நா.விடமே போய்ச் சொன்னவர்கள். 1948 போரில் வீடு வாசலை விட்டு ஓடிய ஏறத்தாழ 2 இலட்சம் பேர் காஸாவுக்குள் வந்து நெருக்கியபோது, அமெரிக்கக் குவேக்கர்களின் நண்பர்கள் சேவைக் குழுவிடம்தான் அங்கே நிவாரணம் கொடுக்கும் வேலையை ஐ.நா. ஒப்படைத்தது. மாவு, கூடாரம், மருந்து, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் எல்லாம் நடத்தினார்கள். வேலை ஒழுங்காகத்தான் போனது, ஆனால் நாள் போகப்போக அவர்களுக்கே அது உறுத்தத் தொடங்கியது. ரேஷன் கொடுத்துக்கொண்டே இருந்தால், இந்தச் சனம் தங்கள் ஊருக்குத் திரும்புவதா இல்லையா என்ற அரசியல் கேள்விக்குப் பதில் சொல்லாமலே எல்லோரும் காலத்தை ஓட்டிவிடலாம், அதற்கு நாங்கள் துணை போகிறோம் என்று சொல்லி, 1950இல் பொறுப்பைப் பலஸ்தீன அகதிகளுக்கென்றே புதிதாக உருவான ஐ.நா. நிறுவனத்திடம் கொடுத்துவிட்டு விலகினார்கள். அந்த நிறுவனம் இன்னும் இருக்கிறது, அகதிகளும் இருக்கிறார்கள், அவர்கள் பயந்தது அப்படியே நடந்தது.

முகாமில் உலர் உணவு வாங்கி வாழ்ந்த எவருக்கும் இந்தப் பயத்தை நான் விளக்கத் தேவையில்லை. அப்புறம் அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவுமில்லை. கண்டதைப் போய்ச் சொல்லவேண்டிய இடத்தில் சொல்வது என்ற பக்கத்துக்கு அவர்கள் வேலையின் பாரம் நகர்ந்தது. அமெரிக்க நாடாளுமன்றத்தில் போய்க் கதைப்பதற்கென்றே 1943இலிருந்து அவர்களுக்குத் தனி அமைப்பு உண்டு. இஸ்ரேல் இராணுவ நீதிமன்றங்களில் பலஸ்தீனச் சிறுவர்களை நிறுத்துவதற்கு எதிரான பிரசாரத்திலும் இவர்கள் முன்னுக்கு நின்றார்கள்.

சமாதானப் பேச்சுக் காலத்தில் எங்கள் ஊரில் வெளிநாட்டுக்காரர் சிலர் ஆயுதமில்லாமல் சனத்தோடு சனமாக நின்றார்கள். பலஸ்தீனத்தில் நிற்பவர்களும் அதே ஆட்களா? (வாசகர், மூதூர்)

அமைப்பு வேறு, யோசனை ஒன்று. நீங்கள் பார்த்தது 'நொன்வயலன்ற் பீஸ்ஃபோர்ஸ்' ஆக இருக்கவேண்டும். 2003இல் அவர்கள் முதன்முதலாகக் களத்தில் இறங்கியது இலங்கையில்தான், அதில் மூதூரும் ஒன்று. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான டேவிட் ஹார்ட்சோ ஒரு குவேக்கர்.

பலஸ்தீனத்தில் நடப்பது உலகத் திருச்சபைகள் மன்றம் 2002இல் தொடங்கிய துணைநிற்கும் திட்டம். பல நாடுகளிலிருந்து ஆட்கள் மூன்று மாதத்துக்குப் போகிறார்கள், பிரித்தானியாவிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் அனுப்பும் வேலையைக் குவேக்கர்கள் பார்த்துவந்தார்கள். விடியற்காலையில் சோதனைச்சாவடியில் நின்று எத்தனை பேரை விட்டார்கள், எத்தனை பேரைத் திருப்பினார்கள் என்று எண்ணுவது, இஸ்ரேலியக் குடியேற்றவாசிகள் கல்லெறியும் வழியால் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போவது, ஒலிவ் அறுவடைக்குத் தோட்டக்காரரோடு போய் நிற்பது. பிறகு ஊருக்குத் திரும்பித் தங்கள் எம்.பி.க்கும் அயலவருக்கும் கண்டதைச் சொல்லவேண்டும். அந்தப் பின்பாதிதான் முக்கியம் என்பேன், அது இல்லாவிட்டால் மூன்று மாதச் சுற்றுலா.

இதற்கு ஓர் எல்லை இருக்கிறது, அதை மூதூர்க்காரருக்கு மறைத்துச் சொல்லமுடியாது. துணைக்கு நிற்பவரின் பாஸ்போட்டைப் பார்த்துத்தான் துவக்குக்காரன் யோசிக்கிறான். 2006 ஓகஸ்ட்டில் உங்கள் ஊரில் கொல்லப்பட்ட 17 தொண்டுப் பணியாளர்களும் உள்நாட்டுக்காரர். நிறுவனம் பிரெஞ்சு நிறுவனம், போட்டிருந்த ரீசேர்ட்டில் அதன் பெயர், அது அவர்களைக் காப்பாற்றவில்லை.

இவர்கள் நடுநிலை என்று சொல்லிக்கொண்டு யூதர்களுக்கு எதிராகத்தானே வேலை செய்கிறார்கள்? (வாசகர், திருகோணமலை நகர்)

1938இல் நாஸிகளிடமிருந்து யூதப் பிள்ளைகளைப் பிரித்தானியாவுக்குக் கொண்டுவந்ததில் குவேக்கர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. போர்க்கால நிவாரணத்துக்காக 1947இல் நோபல் சமாதானப் பரிசும் கிடைத்தது. ஆக யூத வெறுப்பு என்ற குற்றச்சாட்டு அவர்கள் மேல் ஒட்டுவது கஷ்டம். நடுநிலை என்கிறீர்களே, அதை அவர்களே சொல்வதில்லை. எந்தத் தரப்பு ஆளையும் எதிரியாகப் பார்க்கமாட்டோம், ஆனால் சட்டம் மீறப்படும் இடத்தில் நடுவில் நிற்கமாட்டோம் என்பதுதான் துணைநிற்கும் திட்டத்தின் நிலைப்பாடு. எனக்கு இது சரியாகவே படுகிறது. இதற்கு விலையும் கொடுத்திருக்கிறார்கள்: 2018 ஜனவரியில் இஸ்ரேல் உள்ளே விடமாட்டோம் என்று அறிவித்த 20 அமைப்புகளின் பட்டியலில் நண்பர்கள் சேவைக் குழுவும் இருந்தது. அதே வருடக் கடைசியில் பிரித்தானியக் குவேக்கர்கள், ஆக்கிரமிப்பால் இலாபம் பார்க்கும் கம்பனிகளில் தங்கள் காசைப் போடமாட்டோம் என்று முடிவெடுத்தார்கள், அந்நாட்டுத் திருச்சபைகளில் முதலாவதாக. யூத அமைப்புகள் கடுமையாகக் கண்டித்தன, இவர்கள் மாற்றவில்லை.

2009இல் நாங்கள் செத்தபோது கிண்ணியாவில் யார் ஊர்வலம் போனார்கள்? பலஸ்தீனத்துக்காக நான் ஏன் அழவேண்டும்? (பெயர் வேண்டாம் என்றவர், திருகோணமலை)

தம்பி, அழு என்று யாரும் யாரையும் கட்டாயப்படுத்தமுடியாது. ஆனால் இந்தக் கணக்கை நீங்கள் திறந்தால் கிண்ணியாக்காரர், முஸ்லிம்கள் 1990இல் வடக்கிலிருந்து துரத்தப்பட்ட கணக்கைத் திறப்பார்கள், அவர்களிடமும் நியாயம் இருக்கும். யாரிடம் மிச்சம் அதிகம் என்று பார்த்து முடிக்க நம் ஆயுள் போதாது.

வேறு கணக்கு ஒன்று சொல்கிறேன். வன்னியில் சனத்தின் மேல் குண்டு போட்ட கிபிர், இஸ்ரேலில் செய்த விமானம். அதை வாங்கிய நாடுதான் 1988இலேயே பலஸ்தீன அரசை அங்கீகரித்து, இன்றுவரை மேடைக்கு மேடை பலஸ்தீனத்துக்காகக் கண்ணீர் விடுகிறது. அரசுகளின் இந்த நாடகத்துக்கு நீங்களும் கிண்ணியாப் பையனும் ஏன் ஆளுக்கொரு பக்கம் பிடிக்கவேண்டும்? 2006இல் சம்பூரிலிருந்து ஓடிய சனம் 2015க்குப் பிறகுதான் தங்கள் காணிக்குள் கால் வைத்தது. மேற்குக்கரையில் ஏறத்தாழ 60 வீதம் நிலம் முழுக்க இஸ்ரேலின் கட்டுப்பாட்டில், அங்கே பலஸ்தீனருக்கு வீடு கட்ட அனுமதி கிடைப்பது அபூர்வம், அனுமதியில்லை என்று கட்டியதை புல்டோசர் வந்து இடிக்கும். இதைப் படித்துவிட்டு உங்களுக்கு ஒன்றும் தோன்றாவிட்டால் நான் வற்புறுத்தமாட்டேன்.

நோன்புக்கு வாங்கும் பேரீச்சம்பழத்தில் கவனிக்க என்ன இருக்கிறது? பகிஷ்கரிப்பு என்று சொல்லி எல்லாவற்றையும் விடச் சொல்கிறார்கள். (குடும்பத் தலைவி, கிண்ணியா)

எல்லாவற்றையும் விட்டால் கடைக்குப் போவதையே நிறுத்தவேண்டி வரும். பிரித்தானியக் குவேக்கர்கள் 2011இல் எடுத்த முடிவு குறுகியது: இஸ்ரேல் பொருள் எல்லாம் வேண்டாம் என்று சொல்லவில்லை, மேற்குக்கரைக் குடியேற்றங்களில் விளைந்தவற்றை மட்டும் வாங்குவதில்லை என்றார்கள். பேரீச்சையில் பெரிய மெஜூல் வகையைப் பாருங்கள், அதில் நிறைய ஜோர்தான் பள்ளத்தாக்குக் குடியேற்றத் தோட்டங்களில் விளைகிறது. பெட்டியில் இஸ்ரேல் என்றுதான் இருக்கும். குடியேற்றத்தில் விளைந்தது என்று தனியாக எழுதவேண்டும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019இல் தீர்ப்புச் சொன்னது ஐரோப்பியக் கடைகளுக்குத்தான். இங்கே பெட்டியை முழுதாகக் காட்டச் சொல்லி எந்த நாடு என்று பார்த்து வாங்குங்கள். சவூதிப் பழமும் ஈரான் பழமும் தாராளமாகக் கிடைக்கிறது, விலையும் குறைவு.