பாதுகாப்பு பொட்டி வாங்குறதுக்கு முன்னாடி மெயில் பொட்டிய தொறந்து பாருங்க

கேள்வி: பேக்கிங் மெட்டீரியல் வாங்கி விக்கிற சின்ன கம்பெனி எங்களது, மொத்தம் 14 பேர். போன வாரம், வருஷக்கணக்கா சரக்கு வாங்குற சப்ளையர்கிட்டருந்து "எங்க பேங்க் அக்கவுன்ட் மாறிடுச்சு, இந்த பில்லுக்கு புது அக்கவுன்ட்ல போடுங்க"ன்னு மெயில். பில் நம்பர், தொகை எல்லாம் கரெக்டா இருந்துச்சு. அக்கவுன்ட்ஸ் பாக்குற தம்பி பணம் போடாம ஒரு நாள் இழுத்தான், ஏன் லேட்டுன்னு நான் சத்தம் கூட போட்டேன். அப்பறம் அவன் சப்ளையருக்கு போன் அடிச்சு கேட்டா, அவங்க அப்படி ஒரு மெயிலே அனுப்பலையாம். இப்ப எங்களுக்கு கம்ப்யூட்டர் சர்வீஸ் பண்றவர் ஃபயர்வால் பொட்டி, ஆன்டிவைரஸ், 24 மணி நேர கண்காணிப்புன்னு ஒரு பேக்கேஜ் சொல்றார், இது இருந்தா இனிமே நடக்காதுங்குறார். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வாங்காதீங்க.

இன்டர்நெட்லருந்து வேண்டாதது உள்ள வராம தடுக்குற பொட்டிதான் ஃபயர்வால், அது கெட்டதுன்னு நான் சொல்ல வரல. ஆனா உங்களுக்கு வந்தது வைரஸ் இல்ல, லிங்க் இல்ல, ஃபைல் இல்ல, வெறும் நாலு வரி லெட்டர். லெட்டர்ல எழுதியிருக்குறது பொய்யா நெசமான்னு அந்தப் பொட்டிக்கு எப்படி தெரியும்? லிதுவேனியாக்காரர் ஒருத்தர், கூகுளுக்கும் ஃபேஸ்புக்குக்கும் சரக்கு கொடுக்குற ஒரு தைவான் கம்பெனி பேர்லயே இன்னொரு கம்பெனிய பதிவு பண்ணி, 2013லருந்து 2015 வரைக்கும் போலி பில் அனுப்பி ரெண்டு பேர்கிட்டயும் சேத்து 10 கோடி டாலருக்கு மேல வாங்கிட்டார். 2019ல அவருக்கு 5 வருஷம் ஜெயில். கூகுள்கிட்ட இல்லாத பொட்டியா?

உங்க சர்வீஸ்காரர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒண்ணே ஒண்ணு. திருடனுக்கு பில் நம்பர் எப்படி தெரிஞ்சுது? உங்க மெயில் பாக்ஸையோ சப்ளையரோட மெயில் பாக்ஸையோ யாரோ உக்காந்து படிச்சிட்டு இருக்கான், அநேகமா கொஞ்ச நாளாவே. அத கேக்காம கேட்டலாக்க நீட்டினார்னா, ஒண்ணு அவருக்கு விஷயம் தெரியல, இல்ல தெரிஞ்சும் கமிஷன் முக்கியம்.

முதல்ல அந்த மெயில எடுத்து அனுப்பினவங்க அட்ரஸ எழுத்து எழுத்தா படிங்க. பேர பாக்காதீங்க, அட்ரஸ பாருங்க. இங்கிலீஷ்ல r, n ரெண்டையும் ஒட்டி எழுதினா m மாதிரியே தெரியும், l-க்கு பதிலா 1 போட்டா கண்ணுக்கு தெரியாது, இப்படி ஒரு எழுத்து மாத்தி புதுசா டொமைன் (அட்ரஸ்ல @க்கு பின்னாடி வர்ற பேரு) வாங்கி வச்சிருப்பான். அப்படி இல்லாம அட்ரஸ் அச்சு அசலா சப்ளையரோடதுதான்னா, அவங்க பாக்ஸ்குள்ளயே ஆள் இருக்க வாய்ப்பு அதிகம். எதுவா இருந்தாலும் உங்க பக்கம் செக் பண்ணித்தான் ஆகணும்.

மெயில் செட்டிங்ஸ்ல போயி ஃபார்வர்டிங், ரூல்ஸ், ஃபில்டர்னு இருக்குறத எல்லாம் பாருங்க. திருடன் உள்ள வந்ததும் செய்யுற மொத வேலையே அங்கதான். "பில்", "பேமென்ட்"னு வர்ற மெயில் எல்லாம் வெளிய ஒரு அட்ரஸுக்கு காப்பி போகணும், இல்லன்னா யாரும் தொறக்காத ஏதோ ஒரு ஃபோல்டருக்கு போயிடணும்னு ரூல் போட்டு வச்சிருப்பான், அந்த ரூலுக்கு பேரு பல சமயம் வெறும் ஒரு புள்ளியா இருக்கும், பாத்தா கண்ணுல படாது. நிறைய பேர் பாஸ்வேர்ட மட்டும் மாத்திட்டு அப்பாடான்னு இருந்துடுறாங்க, ரூல் அப்படியே கெடக்கும், மெயில் பாட்டுக்கு போயிட்டே இருக்கும். அதனால ரூல அழிங்க, எல்லா டிவைஸ்லருந்தும் சைன் அவுட் குடுங்க, பாஸ்வேர்ட மாத்துங்க, ரெக்கவரிக்கு குடுத்திருக்குற போன் நம்பரும் மெயிலும் உங்களோடதுதானான்னு பாருங்க, அப்பறம் பாஸ்வேர்டுக்கு மேல இன்னொரு கோடும் கேக்குற ரெண்டடுக்கு சரிபார்ப்ப ஆன் பண்ணுங்க. 14 பேருக்கும், முதலாளி உங்களுக்கும் சேத்து. முதலாளிக்கு மட்டும் தொந்தரவா இருக்குன்னு விட்டுடுறது ஊர் உலகத்துல நடக்குற வேடிக்கை, திருடனுக்கு வேணுங்குறதே அந்த அக்கவுன்ட்தான்.

எஸ்எம்எஸ்ல வர்ற ஓடிபிய விட, போன்லயே கோட காட்டுற ஆத்தன்டிகேட்டர் ஆப் நல்லது, ஏன்னா உங்க நம்பருக்கு டூப்ளிகேட் சிம் வாங்குற கூட்டம் தனியா இருக்கு. அந்த கோட யார் கேட்டாலும் சொல்லக்கூடாது, சர்வீஸ்காரர் கேட்டாலும்தான். வேலைய விட்டு போனவங்க அக்கவுன்ட்ட அன்னைக்கே மூடுங்க. 2021ல அமெரிக்காவுல கலோனியல் பைப்லைன்னு பெட்ரோல் கொண்டு போற பெரிய கம்பெனி பல நாள் நின்னு போச்சு, திருடன் நுழைஞ்சது யாரும் யூஸ் பண்ணாம கெடந்த ஒரு பழைய விபிஎன் (வெளியருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள்ள வர்ற வழி) அக்கவுன்ட் வழியா, அதுக்கு இருந்தது வெறும் பாஸ்வேர்டு. கம்ப்யூட்டர பூட்டி வச்சு பணம் கேட்ட திருடனுக்கு 75 பிட்காயின் கட்டினாங்க, அன்னைய மதிப்புல சுமார் 44 லட்சம் டாலர்.

இனி பணம் போடுற விஷயம். சட்டம் ஒண்ணுதான்: பேங்க் விவரம் மாறினா, நம்மகிட்ட ஏற்கனவே இருக்குற பழைய நம்பருக்கு போன் பண்ணி, தெரிஞ்ச குரல்கிட்ட கேட்டுட்டுதான் போடணும். மெயில்ல இருக்குற நம்பருக்கு அடிக்கக்கூடாது, அங்க எடுக்குறவனும் அவன்தான். அவங்களா கூப்பிட்டு "ஆமா சார் மாறிடுச்சு"ன்னா அதுவும் கணக்குல வராது, வச்சிட்டு நீங்க திருப்பி கூப்பிடுங்க, குரலையே காப்பி அடிக்கிற காலம் இது.

இதுல ஒரு இடத்துல மட்டும் சிக்கல் வரும், அத கொஞ்சம் நீட்டியே சொல்றேன், ஏன்னா இங்கதான் கெட்டிக்காரங்களும் வழுக்குறாங்க. புது சப்ளையர்னா பழைய நம்பரே இருக்காதே? அப்ப என்ன பண்றாங்க, ஒரு சின்ன தொகைய போட்டு பாத்து, "வந்துச்சா?"ன்னு மெயில்ல கேக்குறாங்க. "வந்துடுச்சு, நன்றி"ன்னு பதில் வரும். வராம என்ன, பணம் அவன் அக்கவுன்ட்டுக்குதான போயிருக்கு, மெயிலையும் அவன்தான படிக்கிறான்! சின்ன தொகை டெஸ்ட்டுல அந்த அக்கவுன்ட் உயிரோட இருக்குன்னு தெரியுமே தவிர யாரோடதுன்னு தெரியாது. அதனால புது ஆள்னா ஆர்டர் பேசுறப்பவே, பணப் பேச்சு வர்றதுக்கு முன்னாடியே, நேர்லயோ வீடியோ கால்லயோ ரெண்டு பேரோட போன் நம்பர வாங்கி, மெயில்ல இல்லாம தனியா ஒரு நோட்டுல எழுதி வச்சிடுங்க. நேர்ல பாக்க முடியாத வெளியூர் பார்ட்டின்னா, அவங்ககிட்ட ஏற்கனவே சரக்கு வாங்குற வேற யாராவது தெரிஞ்சவங்ககிட்டருந்து நம்பர் வாங்குங்க. பழைய சப்ளையருக்கும் இது பொருந்தும், "எங்க நம்பர் மாறிடுச்சு"ன்னு ரெண்டு மாசம் முன்னாடியே ஒரு மெயில் வந்து உங்க ஆளுங்க அத சேவ் பண்ணி வச்சிருந்தா, அந்த "பழைய நம்பர்" திருடன் நட்டு வச்ச நம்பரா கூட இருக்கலாம். ஒரு வருஷத்துக்கு முந்தின பில்ல எடுத்து அதுல இருக்குற நம்பருக்கு கூப்பிடுங்க.

ஃபைல் எல்லாம் பூட்டு போட்டு பணம் கேக்குற ரான்சம்வேர் பத்தி ரொம்ப பேசல. அப்டேட்ட தள்ளிப் போடாதீங்க. 2017 மே மாசம் உலகத்தையே ஆட்டி வச்ச வான்னாகிரைங்குற ரான்சம்வேர் புகுந்த ஓட்டைய அடைக்குற பேட்ச மைக்ரோசாஃப்ட் மார்ச்லயே குடுத்திருந்தாங்க, ரெண்டு மாசம் சும்மா கெடந்துச்சு. பேக்கப்புல ஒரு காப்பி ஒயர புடுங்கி தனியா வச்சதா இருக்கணும், எப்பவும் மெஷின்லயே சொருகி இருக்குற ஹார்ட் டிஸ்க்கும் சேந்து பூட்டிக்கும். மாசம் ஒருக்கா அதுலருந்து ஒரு ஃபைல திருப்பி எடுத்து பாருங்க.

இப்ப சர்வீஸ்காரங்க விஷயத்துக்கு வர்றேன், எனக்கு வர்ற கேள்விகள்ல பாதி இவங்க பண்ணி வச்ச வேலதான். கம்பெனியோட டொமைன அவங்க பேர்லயே வாங்கி வச்சிருப்பாங்க, சண்டை வந்தா உங்க மெயிலே உங்களுக்கு இல்ல. எல்லா கஸ்டமருக்கும் ஒரே அட்மின் பாஸ்வேர்டு. தூரத்துலருந்து உள்ள வர்ற ரிமோட் சாஃப்ட்வேர் எந்நேரமும் ஓடிட்டே இருக்கும், அவர் லேப்டாப்புல திருடன் புகுந்தா அவரோட கஸ்டமர் அத்தனை பேர் ஆபீஸ்லயும் புகுந்த மாதிரி. கற்பனை இல்ல, 2021 ஜூலைல கசேயான்னு ஒரு கம்பெனியோட சாஃப்ட்வேர பிடிச்சு, அத யூஸ் பண்ற சர்வீஸ்காரங்க வழியா 800லருந்து 1500 சின்ன கம்பெனிய ஒரே அடியா பூட்டினாங்க. கிராக் பண்ண விண்டோஸ் போட்டு குடுத்துட்டு அதுக்கு மேல ஆன்டிவைரஸ் விக்கிற புண்ணியவான்களும் உண்டு. "பூட்டின ஃபைல நாங்க டெக்னாலஜில தொறந்து தர்றோம்"னு சொல்லி, ரகசியமா திருடனுக்கே பணம் கட்டி சாவி வாங்கி, மேல லாபம் வச்சு வித்த கம்பெனிங்க அமெரிக்காவுல 2019ல அம்பலமாச்சு. நெசமாவே சாவி வெளியான சில வகை உண்டு, அத நோ மோர் ரான்சம்னு ஐரோப்பிய போலீஸ் அமைப்பு யூரோபோல் சேந்து நடத்துற சைட்ல ஓசிலயே தர்றாங்க.

அதனால உங்க ஆள்கிட்ட இன்னைக்கே கேளுங்க, டொமைன் யார் பேர்ல, அட்மின் பாஸ்வேர்டு லிஸ்ட் எங்க, ரிமோட் சாஃப்ட்வேர தேவைப்படுறப்ப மட்டும் ஆன் பண்ணலாமா. நல்ல ஆளா இருந்தா அரை மணி நேரத்துல பதில் வரும். மழுப்பினா ஆள மாத்துங்க.

பணம் போயிடுச்சுன்னா? போன வேகத்துல பேங்குக்கு போன் பண்ணி திருப்பி இழுக்க சொல்லணும், மணிக்கணக்குதான், நாள் கணக்கு ஆயிட்டா கை மாறி கை மாறி காணாம போயிடும். சைபர் கம்ப்ளைன்ட்டும் அதே நேரத்துல. ஆனா பாருங்க, பேங்க்ல போனா போலீஸ் லெட்டர் கொண்டு வாங்கம்பாங்க, போலீஸ்ல போனா பேங்க் லெட்டர் எங்கம்பாங்க, நடுவுல ராத்திரி ஆயிடும். இவ்வளவு பெரிய பேங்குகளுக்கு அக்கவுன்ட் நம்பரோட பேரும் பொருந்துதான்னு பாக்குறது ஒரு பெரிய விஷயமா? பிரிட்டன்ல பெரிய பேங்குகள் 2020லதான் ஆரம்பிச்சாங்க, ஐரோப்பாவுல யூரோ நாடுகள்ல 2025 அக்டோபர்ல கட்டாயமாச்சு, அதுவரைக்கும் "நீங்கதான நம்பர் போட்டீங்க"ன்னு கைய விரிச்சிட்டு இருந்தாங்க. அந்த வசதி உங்க பேங்க்ல இருந்தா, பேர் பொருந்தலன்னு வர்ற எச்சரிக்கைய ஓகே குடுத்து தாண்டாதீங்க.

அந்தத் தம்பிய கூப்பிட்டு, சந்தேகம் வந்தா பணத்த நிறுத்த அவனுக்கு உரிமை இருக்கு, லேட்டானதுக்கு இனிமே திட்டு விழாதுன்னு மத்தவங்க முன்னாடி சொல்லுங்க. அவசரம், ரகசியம், எம்.டி. சொன்னார்னு வர்ற மெயில் எல்லாமே திட்டுக்கு பயந்த ஆள நம்பித்தான் எழுதுறது.

அந்த மெயில அழிக்காம அப்படியே வைங்க. சப்ளையர்கிட்டயும் அவங்க மெயில் ரூல்ஸ பாக்க சொல்லுங்க, ஆனா அத மெயில்ல எழுதி அனுப்பாதீங்க, படிக்கிறவன் இன்னும் உள்ளதான் உக்காந்திருப்பான். போன்ல சொல்லுங்க.