குறுகுறுக்கும்போதே பூச வேண்டிய களிம்பு

கேள்வி: தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறேன். ஆண்டுக்கு மூன்று நான்கு முறை உதட்டோரத்தில் நீர்க்கொப்புளங்கள் கொத்தாக எழும்பிப் புண்ணாகின்றன. பல்லி எச்சம் பட்டுவிட்டது என்கிறார் மாமியார். டவுன் பாமசியில் அசைக்ளோவிர் களிம்பு இரண்டு முறை வாங்கிப் பூசியும் பலனில்லை. மருந்துத் தாளில் ‘ஹேர்பீஸ்’ என்ற பெயரைப் பார்த்த கணவர், இது தப்பான வழியில் வரும் நோயல்லவா என்று கேட்டதிலிருந்து என்னோடு சரியாகப் பேசுவதில்லை. தங்கைக்குக் குழந்தை பிறந்து மூன்று வாரம். அதைத் தூக்கவும் பயமாக இருக்கிறது. நான் என்ன செய்வது?

பதில்: முதலில் உங்கள் கணவருக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ஹேர்பீஸ் சிம்ப்ளெக்ஸ் வைரசில் இரண்டு வகைகள் உண்டு. உதட்டில் வருவது பெரும்பாலும் முதல் வகை. அது அநேகமாகச் சிறு வயதிலேயே, வீட்டுப் பெரியவர்கள் கொஞ்சி முத்தமிடும்போது தொற்றிவிடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 50 வயதுக்குட்பட்ட உலக மக்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினரின் உடலில் இந்த வைரசு இருக்கிறது; அவர்களில் பலருக்குப் புண்ணே வருவதில்லை. ஆகவே உங்கள் உதட்டுப் புண் எவருடைய ஒழுக்கத்துக்கும் சாட்சியல்ல, அவருடைய உடலிலும் அதே வைரசு இருக்கக்கூடும். பல்லிக்கும் இதில் பங்கில்லை.

ஒருமுறை புகுந்த வைரசு முகத்து நரம்பின் வேர்ப்பகுதியில் உறங்கிக் கிடந்து, காய்ச்சல், களைப்பு, மாதவிடாய், மனக்கவலை, கடும் வெயில் போன்ற வேளைகளில் விழித்து அதே இடத்துக்கு இறங்கி வருகிறது. குளிர் தேசத்தில் இருக்கிறோமே, வெயில் என்ன செய்யும் என்று நம்மவர்கள் நினைப்பது தவறு. உயரம் கூடக் கூடப் புற ஊதாக் கதிர்களின் வலுவும் கூடுகிறது. தை, மாசி மாதங்களில் காலையில் பனி கொட்டினாலும் நடுப்பகல் மலையில் உதடு வெந்துதான் போகிறது. தலைத்துணியை நெற்றிக்கு முன்னால் இழுத்துவிட்டுக்கொள்வதும், கிடைத்தால் வெயில் காப்பு சேர்ந்த உதட்டுப் பூச்சைப் பயன்படுத்துவதும் உதவும்.

இனிக் களிம்பு. அது உங்களுக்குப் பலனளிக்காததற்குக் காரணம், நான் ஊகிப்பது சரியானால், மருந்தல்ல, நேரம்தான். அசைக்ளோவிர் வைரசு பெருகுவதைத் தடுக்கிறதே தவிர, அதனால் ஏற்கெனவே உண்டான புண்ணை ஆற்றுவதில்லை. கொப்புளம் எழுவதற்குச் சில மணி நேரம் முன்பே அந்த இடத்தில் குறுகுறுப்பு, ஊறல், மெல்லிய எரிவு தெரியும். வைரசு பெருகத் தொடங்கும் வேளை அதுதான். நீங்களோ கொப்புளம் உடைந்த பிறகு, ஒரு நாள் சம்பளத்தை விட்டு, பஸ் பிடித்து டவுனுக்குப் போய் வாங்கியிருப்பீர்கள். அதற்குள் வைரசு தன் வேலையை முடித்திருக்கும். எனவே அடுத்த முறை டவுனுக்குப் போகும்போதே ஒரு டியூப் வாங்கி, காலாவதித் திகதியைப் பார்த்து, வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். வேளையோடு பூசினாலும் புண் ஆறும் காலம் அரை நாள் முதல் ஒரு நாள் வரைதான் குறையும் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. வைரசை அடியோடு ஒழிக்கும் மருந்து இன்றுவரை இல்லை.

5 சதவீதக் களிம்பை, விழித்திருக்கும் நேரத்தில் ஏறத்தாழ நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, நாளொன்றுக்கு 5 தடவை, 5 நாட்களுக்குப் பூச வேண்டும். மலைக்கு ஏறும் முன், காலைத் தேநீர் வேளை, மதியச் சாப்பாட்டு வேளை, மாலை வீடு திரும்பியதும், படுக்கும் முன் என்று கணக்கு வைத்துக்கொண்டால் தவறாது. கொழுந்துக் கறை படிந்த கையோடு தொடாமல் சவர்க்காரமிட்டுக் கழுவிவிட்டு, தேய்க்காமல் ஒற்றி வைத்து, பிறகு மீண்டும் கை கழுவுங்கள். படைக்கும் சொறிக்கும் பூசும் பெட்டாமெதசோன் களிம்பு வீட்டில் இருந்தால் அதை இந்தப் புண்ணின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அது வைரசுக்குத் துணை செய்யும். பற்பசையும் வேண்டாம்.

புண் பத்து நாட்களில் ஆறாவிட்டால், அல்லது ஆண்டுக்கு ஆறு முறைக்கு மேல் வந்தால், வைத்தியசாலைக்குச் சென்று மாத்திரை பற்றிக் கேளுங்கள். பிறப்புறுப்பில் இத்தகைய புண் வந்தால் களிம்பை நம்பி இருக்கவே கூடாது, அதற்கு மாத்திரைதான் மருந்து. கண் சிவந்து வலித்தாலோ, வெளிச்சம் பார்க்கக் கூசினாலோ அன்றைக்கே வைத்தியரிடம் செல்லுங்கள். கண்ணுக்கான களிம்பு வேறு, தோலுக்கு வாங்கியதைக் கண்ணில் இடக்கூடாது.

குழந்தையைப் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. பிறந்து சில வாரங்களே ஆன சிசுவுக்கு இந்த வைரசு உயிராபத்தாகலாம். பொருக்கு உதிர்ந்து தோல் முழுவதும் ஆறும்வரை முத்தமிடாதீர்கள். கணவருக்கும் அப்படியே, தேநீர்க் கோப்பையையும் துவாயையும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். புண் இல்லாத நாட்களில் கையைக் கழுவிவிட்டுக் குழந்தையைத் தாராளமாகத் தூக்கலாம். முத்தத்தை மட்டும், அது சற்று வளரும்வரை, ஒத்திப்போடுங்கள்.