இளைஞர் குழுவின் நிதிக்காக பிஸ்கட் விற்கப் போகிறோம். ஆட்களை ஈர்க்கப் புதுமையான வழிகள் என்ன?

முதல் வருடம் நாங்கள் வாங்கிய அடியைச் சொல்லிவிட்டு வழிகளுக்கு வருகிறேன். அந்த அடி இல்லாவிட்டால் இந்த வழிகளும் தோன்றியிருக்காது.

எங்களுடையது பாம்பன் பக்கத்துக் கடற்கரை ஊர். மாலைப் படிப்பகத்தின் கூரையை மாற்ற 18,000 ரூபாய் தேவைப்பட்டது. பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் சும்மாதானே இருக்கிறார்கள் என்று மே மாதம் விற்பனையை வைத்தோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பது ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும்போது யார் வீட்டில் பிஸ்கட்டுக்குக் காசு இருக்கும் என்று மட்டும் எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பேக்கரியில் 300 பாக்கெட் தேங்காய் பிஸ்கட்டை மொத்தமாக எடுத்து வைத்தோம். பாதிக்குச் சற்று மேல் விற்பதற்குள் கடற்காற்றில் மீதி நமத்துவிட்டது. ஒரு வாரம் டீயோடு நாங்களே தின்று தீர்த்தோம்.

மறு வருடம் ஆர்டர் எடுத்த பிறகே அடுப்பு. வீட்டுக்கு வீடு ஒரு சீட்டு. இத்தனை பாக்கெட் என்று குறித்து, பாதிப் பணம் வாங்கிக்கொண்டு, ஐந்தாம் நாள் கையில் கொடுத்தோம். கேட்கும் நேரத்தையும் மாற்றினோம். இரவெல்லாம் கடலில் கிடந்த படகு காலையில் கரை சேர்ந்து, மீன் விற்று, படகுச் சொந்தக்காரரான சம்மாட்டி கணக்கு முடித்துப் பங்கு பிரித்த பிறகு போய் நின்றோம். தடைக்காலத்தில் "அப்புறம் வா தம்பி" என்று சொன்ன அதே அண்ணன் நான்கு பாக்கெட்டுக்கு எழுதிக்கொண்டார். வேறு எந்த விளம்பரமும் இந்த அளவுக்கு உதவவில்லை.

அடுத்தது ஏலம். எங்கள் ஊர்த் தேவாலயத் திருவிழாவில் நேர்ச்சைச் சேவலும் தேங்காயும் ஏலம் போகும். அந்த வரிசையில் அடுப்பிலிருந்து இறங்கிய முதல் டின்னையும் வைத்தோம். 80 ரூபாய் டின் 1,350 ரூபாய்க்குப் போனது! பக்தி பாதி, இரண்டு சம்மாட்டிகளுக்கு இடையே இருந்த பழைய போட்டி பாதி. எதுவானால் என்ன, மறுநாள் ஊர் முழுக்க அந்த டின் பேச்சுதான்.

வளைகுடாவில் உறவினர் இருக்கும் வீடுகளை மறந்துவிடாதீர்கள். அவர்களுக்கு பிஸ்கட் அனுப்ப வேண்டியதில்லை. ஒரு சிறுமி வாட்ஸ்அப்பில், "மாமா, நீங்கள் இரண்டு பாக்கெட்டுக்குப் பணம் போட்டால் உங்கள் அம்மா வீட்டில் நானே கொண்டுபோய்க் கொடுப்பேன்" என்று தன் குரலில் பேசி அனுப்பினாள். கொடுத்ததும் பாட்டி சிரிக்கும் படம் ஒன்று போகும். பணம் வராத வீடே இல்லை. படம் எடுக்குமுன் பாட்டியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒருவர் தலை வாரிக்கொண்டுதான் வருவேன் என்று அரை மணி நேரம் காக்க வைத்தார்.

ராமேஸ்வரத்தில் யாத்திரிகர்களிடமும் விற்றோம். தர்ப்பணம் கொடுக்க வந்தவர்களிடம் அக்னி தீர்த்தக் கரையில் பெட்டியை நீட்டியது எங்கள் மடத்தனம். ஊர் திரும்பும் நேரத்தில் பஸ் நிலையம்தான் சரி. வடக்கிலிருந்து வருகிறவர்கள் பலர் முதலில் கேட்டது முட்டை கலந்ததா என்றுதான். எங்கள் பையன் ஒருவன் முட்டை இல்லை என்று இந்தியில் எழுதிக் கழுத்தில் அட்டையாகத் தொங்கவிட்டுக்கொண்டான். அன்றைய கணக்கில் அவனுக்குத்தான் முதலிடம். பிளாஸ்டிக் பைக்குப் பதிலாகச் சின்ன ஓலைப்பெட்டியில், உள்ளே எண்ணெய்த்தாள் விரித்துக் கொடுத்ததில், பெட்டிக்காகவே வாங்கியவர்களும் உண்டு. பனை நிற்கும் ஊரில் இதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி?

அமெரிக்கப் பெண் சாரணியரைப் பார்த்துத்தான் எங்களுக்கு இந்த யோசனையே வந்தது. 1917-இல் ஓக்லஹோமா மாநிலத்து மஸ்கோகியில் ஒரு குழு வீட்டில் சுட்டு, பள்ளி உணவகத்தில் விற்றதிலிருந்து அவர்களுடைய பிஸ்கட் கதை தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போரில் மாவும் சர்க்கரையும் வெண்ணெயும் தட்டுப்பாடானபோது பிஸ்கட்டுக்குப் பதிலாக நாட்காட்டி விற்றிருக்கிறார்கள். தடைக்காலத்தில் பிஸ்கட்டைத் தூக்கிக்கொண்டு அலையுமுன் இதை நாங்கள் படித்திருக்கலாம்.

சுட்டுக் கொடுப்பவர் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்தவரா என்று பாருங்கள். பாக்கெட்டில் தேதி இருக்கட்டும். முடிந்ததும் வரவு செலவைப் படிப்பக வாசல் பலகையில் எழுதி வையுங்கள், கைநட்டம் உட்பட. எங்கள் பலகையில் "நமத்தது: 140 பாக்கெட்" என்பதும் இருந்தது. அதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்த டீக்கடைக்காரர்தான் மறு வருடம் முதல் ஆர்டர் கொடுத்தார், 12 பாக்கெட். மீதிப் பாதிப் பணம் அவரிடமிருந்து இன்னும் வரவில்லை.