எஃப்எம்மில் பாட்டு ஓட 45,000 ரூபாய் கொடுக்கலாமா?

கேள்வி: கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறை எங்கள் ஊர். என் தம்பியும் அவன் நண்பர்கள் மூவரும் சேர்ந்து பூண்டு அறுவடையை வைத்து ஒரு பாட்டு எழுதி, மெட்டமைத்து, திண்டுக்கல்லில் ஒரு ஸ்டுடியோவில் ரெக்கார்டிங் செய்தார்கள். ஸ்பாட்டிஃபை, யூடியூப், ஜியோசாவன் எல்லாவற்றிலும் ஏற்றி மூன்று மாதம் ஆகிறது. ஓரளவு கேட்கிறார்கள். இப்போது மதுரைக்காரர் ஒருவர், 45,000 ரூபாய் கொடுத்தால் ஐந்து எஃப்எம்களில் ஓட வைப்பதாகச் சொல்கிறார். பெரிய ஆடியோ கம்பெனிகளே இப்படித்தான் செய்கின்றன என்கிறார். அப்பா கடன் வாங்கித் தரத் தயாராக இருக்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். கடன் வாங்கிக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். பெரிய கம்பெனிகள் ரேடியோவுக்காகச் செலவு செய்வது உண்மைதான். எந்தக் கட்டத்தில், எதைக் கையில் வைத்துக்கொண்டு செய்கின்றன என்பதை மட்டும் அவர் உங்களிடம் சொல்லவில்லை. அதைத் தெரிந்துகொண்டால் அந்த ரேடியோ வாசலுக்கு நீங்களே போகலாம். உங்கள் வீட்டிலிருந்து அது அதிக தூரமும் இல்லை.

ஸ்ட்ரீமிங் வருவதற்கு முன்னால் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வரிசை வேறாக இருந்தது. ஆல்பத்திலிருந்து ஒரு பாட்டை எடுத்து முதலில் ரேடியோவுக்கு அனுப்புவார்கள். அங்கே கேட்டவர்கள் பிறகு கடைக்குப் போய் கேசட்டோ சிடியோ வாங்குவார்கள். இப்போது வரிசை தலைகீழ். பாட்டு முதலில் போனுக்குப் போகிறது. அங்கே தேறியதைத்தான் கம்பெனி ரேடியோவுக்கு எடுத்துப் போகிறது.

தேறியதா என்று எப்படிப் பார்க்கிறார்கள்? ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி ஓடினாலே ஒரு ஸ்ட்ரீம் கணக்கில் ஏறிவிடும். அதனால் அந்த எண்ணை மட்டும் யாரும் நம்புவதில்லை. முதல் சில விநாடிகளில் எத்தனை பேர் தள்ளிவிட்டுப் போனார்கள், எத்தனை பேர் தங்கள் பட்டியலில் சேமித்தார்கள், எத்தனை பேர் மறுபடி தாங்களே தேடி வந்து கேட்டார்கள் என்று பார்ப்பார்கள். அதற்கும் மேலாக, எந்த ஊரில் கேட்கிறார்கள் என்று பார்ப்பார்கள். ஷசாம் என்றொரு செயலி இருக்கிறது. எங்கோ ஓடும் பாட்டின் பெயரைக் கண்டுபிடித்துச் சொல்லும். 2018-ல் ஆப்பிள் அதை வாங்கியது. ஒரு ஊரில் திடீரென்று நிறைய பேர் ஒரே பாட்டை ஷசாமில் தேடினால், அந்த ஊர் நிலையத்துக்குக் கம்பெனியிலிருந்து போன் போகும்: “உங்கள் ஊர்க்காரர்கள் இதைத் தேடுகிறார்கள், நீங்கள் இன்னும் போடவில்லை.” கேட் புஷ் 1985-ல் பாடிய ஒரு பாட்டு 2022-ல் ஒரு நெட்ஃபிளிக்ஸ் தொடரால் மறுபடி பரவியது. போனில் கோடிக்கணக்கானோர் கேட்ட பிறகுதான் அமெரிக்கப் பாப் நிலையங்கள் அந்தப் பழைய பாட்டைப் புதுப் பாட்டு மாதிரி தினமும் போடும் பட்டியலில் சேர்த்தன.

போனிலேயே ஓடும் பாட்டுக்கு ரேடியோ எதற்கு என்று கேட்பீர்கள். பாட்டைத் தேடிப் போகாத மக்கள் இருக்கிறார்களே, அவர்களுக்காக. டீக்கடையில் நிற்பவர், தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பவர், வத்தலக்குண்டு மலைப்பாதையில் வேன் ஓட்டுபவர், இவர்களெல்லாம் வருவதைக் கேட்பவர்கள். அவர்களிடம் ஒரு பாட்டு போய்ச் சேர்ந்தால் அதன் ஆயுள் மாதக்கணக்கில் நீளும்.

ரேடியோக்காரரின் பயமும் இங்கேதான் இருக்கிறது. போனில் ஒருவர் உங்கள் பாட்டைத் தள்ளிவிட்டால் நட்டம் அந்தப் பாட்டுக்கு மட்டும். ரேடியோவில் ஒருவர் தள்ளிவிட்டால் நிலையத்தையே மாற்றிவிடுகிறார். விளம்பர வருமானம் அதோடு போகிறது. அதனால் பாப் நிலையங்கள் பரிச்சயமான பாட்டையே திரும்பத் திரும்பப் போடும். இதற்கென்றே அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடத்துவார்கள். பாட்டின் முக்கியமான இடத்தை மட்டும் சுமார் பத்து விநாடிக்கு ஒலிக்கவிட்டு மூன்று கேள்வி கேட்பார்கள்: தெரிகிறதா, பிடிக்கிறதா, சலித்துவிட்டதா. முதல் கேள்விக்கே ‘தெரியாது’ என்று பதில் வரும் பாட்டை நல்ல நேரத்தில் போட ஒரு நிலையமும் சுலபத்தில் துணியாது. கம்பெனியின் ரேடியோ பிரிவு செய்யும் வேலை இந்தப் பயத்தைப் போக்குவதுதான்.

அதை அவர்கள் செய்யும் விதம் இது. எந்த வகை நிலையத்துக்கு இந்தப் பாட்டு என்று முதலில் முடிவு செய்வார்கள். பாப், கன்ட்ரி (அமெரிக்கக் கிராமிய இசை), ராக் என்று அங்கே ஒவ்வொரு நிலையமும் ஒரு வகைக்குத் தன்னை ஒதுக்கிக்கொள்ளும். தவறான வகைக்கு அனுப்பினால் கேட்காமலே ஓரம் கட்டிவிடுவார்கள். பிறகு ஒரு தேதி குறிப்பார்கள். இந்த வாரம் எல்லோரும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கும் தேதி அது. முன்னிசையைக் குறைத்து, கெட்ட வார்த்தை இருந்தால் நீக்கி, ரேடியோவுக்கென்று தனி வடிவம் அனுப்புவார்கள். அதன் பின் ஒவ்வொரு நிலையத்தின் இசைப் பொறுப்பாளரிடமும் வாராவாரம் பேசுவார்கள். கன்ட்ரி இசையில் இன்னும் ஒருபடி மேலே போய், புதுப் பாடகரையே கிதாரோடு ஊர் ஊராக அழைத்துப் போய் நிலையங்களில் பாட வைப்பார்கள்.

பட்டியலில் சேர்ந்துவிட்டதாலேயே பாட்டு ஓடிவிடாது. எவ்வளவு அடிக்கடி போடுவது என்று பாட்டுகளைப் பிரிக்கும் சுற்றுகள் இருக்கின்றன. பெரிய பாப் நிலையத்தில் உச்சச் சுற்றில் இருக்கும் பாட்டு வாரத்துக்கு நூறு முறைகூட ஒலிக்கும். கடைசிச் சுற்றில் இருப்பது நள்ளிரவுக்குப் பிறகு ஏதோ ஒரு நேரத்தில் ஒலிக்கும். இரண்டையும் ‘ரேடியோவில் ஓடுகிறது’ என்றே சொல்லலாம். உங்கள் மதுரைக்காரர் ‘ஐந்து எஃப்எம்மில் ஓடும்’ என்று மட்டும் சொன்னாரா, எத்தனை மணிக்கு, எத்தனை முறை என்றும் சொன்னாரா?

இனி பணம். நிலையத்துக்கு மறைவாகக் காசு கொடுத்துப் பாட்டைப் போட வைக்கும் பழக்கம் அமெரிக்காவில் 1950-களில் பெரிய ஊழலாக வெடித்தது. 1960-ல் சட்டமே கொண்டுவந்தார்கள்: காசோ பொருளோ வாங்கிக்கொண்டு ஒலிபரப்பினால் அதைக் கேட்பவர்களிடம் வானலையிலேயே சொல்ல வேண்டும். அதன் பிறகும் 2005-ல் நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் எலியட் ஸ்பிட்சர் விசாரித்தபோது, பயணச் செலவு, மின்னணுப் பொருள்கள் என்று வேறு உருவத்தில் கைமாறியது தெரிந்தது. சோனி பிஎம்ஜி 1 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. வார்னர், யுனிவர்சல், இஎம்ஐ ஆகியவையும் அடுத்தடுத்து கட்டின. ஆக, பெரிய கம்பெனிகளும் இப்படிச் செய்ததுண்டு, மாட்டியதும் உண்டு. அவர்களுக்கு அது தாங்கும். கடன் வாங்கிய குடும்பத்துக்குத் தாங்காது.

நம் ஊர்க் கதைக்கு வருவோம். தமிழ்நாட்டுத் தனியார் எஃப்எம்களில் ஒலிப்பது பெரும்பாலும் சினிமாப் பாட்டு. அங்கே பாட்டை முன்னால் தள்ளும் சக்தி படத்தின் விளம்பரம்தான். நடிகர் பேட்டி, படத்தின் ரேடியோ பங்குதாரர் ஏற்பாடு, போட்டிப் பரிசு எல்லாம் ஒரே மூட்டையாக வரும். தனிப்பாட்டு அந்த வழியில் நுழைவது சிரமம். ரீல்ஸில் பரவிய பிறகு ஒரு ஆர்ஜே தன் நிகழ்ச்சிக்குக் கூப்பிடுவதுதான் வழக்கமாக நடப்பது.

உங்களுக்கு வேறு வாசல் இருக்கிறது. ஆகாசவாணியின் கோடை பண்பலை, 100.5. எஃப்எம் அலை நேர்கோட்டில் போவது. எவ்வளவு உயரத்திலிருந்து புறப்படுகிறதோ அவ்வளவு தூரம் எட்டும். கொடைக்கானல் மலை உச்சியிலிருந்து புறப்படுவதால்தான் திண்டுக்கல், தேனி, மதுரை என்று சமவெளியில் பல மாவட்டங்களில் அது கேட்கிறது. ஒரு நகரத்து எஃப்எம்முக்கு இந்தப் பரப்பு கிடையாது. இப்படிப்பட்ட நிலையம் உங்கள் தாலுகாவிலேயே இருக்கும்போது, மதுரைக்குப் பணம் அனுப்பும் யோசனை எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. நீலகிரியில் இருப்பவர்கள் இதையே கேட்டால் உதகை ஆகாசவாணியையும் கோத்தகிரி சமுதாய வானொலியையும் சொல்வேன். சமுதாய வானொலியின் வீச்சு சிறியதுதான். ஆனால் நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூரில் தயாரானதாக இருக்க வேண்டும் என்பது விதி.

நீங்கள் அனுப்பிய இணைப்பில் பாட்டைக் கேட்டேன். குரல் நன்றாக இருக்கிறது. பூண்டைத் தாளோடு முடிந்து புகைமூட்டத்தில் தொங்கவிடும் வரிகள் எனக்கு ரொம்பப் பிடித்தன. அந்த வேலையைச் செய்தவர்கள் எழுதியது என்று தெரிகிறது. ஆனால் 50 விநாடி மழைச் சத்தமும் புல்லாங்குழலும் ஓடிய பிறகுதான் முதல் வரி வருகிறது. யூடியூபில் காட்சியோடு பார்க்கும்போது சரி. ரேடியோவில் 50 விநாடி பேச்சில்லாமல் போனால் கேட்பவர் நிலையம் கோளாறு என்று நினைப்பார். முன்னிசையைப் பத்து விநாடிக்குக் குறைத்து, மொத்தம் மூன்று நிமிடத்துக்குள் ஒரு வடிவம் செய்யச் சொல்லுங்கள். ஸ்டுடியோவில் ஒரு மணி நேர வேலை. எம்பி3 வேண்டாம், வேவ் ஃபைலாக வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து, தம்பியின் ஸ்பாட்டிஃபை கலைஞர் கணக்கைத் திறந்து ஊர்வாரியான பட்டியலைப் பாருங்கள். யூடியூப் ஸ்டுடியோவிலும் கேட்பவர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்று காட்டும். மதுரையும் திண்டுக்கல்லும் மேலே இருந்தால், உங்கள் பாட்டைக் கேட்பவர்கள் ஏற்கெனவே 100.5-இன் எல்லைக்குள் இருக்கிறார்கள். கம்பெனிக்காரர் ஷசாம் கணக்கை நீட்டுவது போல் நீங்கள் இதை நீட்டலாம்.

நிலையத்தில் எந்த நிகழ்ச்சிக்குக் கேட்பது என்பது முக்கியம். ‘பாட்டுப் போடுங்கள்’ என்று பொதுவாகக் கேட்டால் சினிமாப் பாட்டு வரிசையில் கடைசியில் நிற்பீர்கள். உங்கள் பாட்டு பூண்டைப் பற்றியது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. விவசாய நிகழ்ச்சிக்கும் இளைஞர் நிகழ்ச்சிக்கும் நேராகப் பொருந்துகிற விஷயம் இது. நிகழ்ச்சிப் பிரிவுத் தலைவருக்கு ஒரு பக்கத்தில் கடிதம் போதும். இப்படி எழுதலாம்:

“வணக்கம். பூம்பாறையைச் சேர்ந்த நாங்கள் நால்வர், மலைப்பூண்டு அறுவடையைப் பற்றி ஒரு பாட்டு செய்திருக்கிறோம். மூன்று நிமிடம். வரி, மெட்டு, குரல், ஒலிப்பதிவு எல்லாவற்றின் உரிமையும் எங்களிடமே இருக்கிறது. ஒலிபரப்ப அனுமதி தருகிறோம். இணையத்தில் இதைக் கேட்பவர்களின் ஊர்ப் பட்டியலை இணைத்திருக்கிறோம். அறுவடை பற்றி எங்கள் பாட்டியோடு நேரில் வந்து பேசவும் தயார்.”

பாட்டி விஷயத்தை விட்டுவிடாதீர்கள். நிகழ்ச்சி தயாரிப்பவருக்குப் பாட்டோடு பேச்சும் கிடைத்தால் அரை மணி நேரம் நிரம்பும். பாடகராக நிலையத்தில் தொடர்ந்து பாட ஆசை இருந்தால் அது தனி வழி: குரல் தேர்வுக்கு விண்ணப்பிக்க வேண்டும், தேறினால் தரம் கொடுப்பார்கள்.

காகித வேலையில் அசட்டையாக இருக்காதீர்கள். பாட்டை இணையத்தில் ஏற்றிய விநியோக நிறுவனம் 12 எழுத்தும் எண்ணும் கலந்த ஐஎஸ்ஆர்சி குறியீடு ஒன்று கொடுத்திருக்கும். அது அந்த ஒலிப்பதிவின் அடையாளம், கடிதத்திலேயே எழுதுங்கள். வரி எழுதியவரும் மெட்டமைத்தவரும் ஐபிஆர்எஸ்ஸில் உறுப்பினராகலாம். ரேடியோவில் ஒலித்ததற்கு அவர்களுக்கு வர வேண்டிய பங்கை வசூலித்துத் தருவது அந்த அமைப்புதான். 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் இந்தப் பங்கை வேறொருவருக்கு எழுதிக் கொடுத்துவிட முடியாதபடி செய்தார்கள். வாரிசுக்கும் பதிப்புரிமைச் சங்கத்துக்கும் மட்டுமே விலக்கு. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. ‘ஓட வைக்கிறேன்’ என்று வருகிறவர்கள் நீட்டும் ஒப்பந்தத்தில் ஒலிப்பதிவு உரிமையையே எழுதி வாங்கும் வரி ஒன்று நடுவில் இருக்கக்கூடும். மதுரைக்காரர் ஏதாவது காகிதம் கொடுத்திருந்தால், தம்பி கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

ஸ்ட்ரீமிங் வருமானத்தை இப்போதைக்குப் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். 2024 முதல், கடந்த 12 மாதத்தில் 1,000 ஸ்ட்ரீம் தாண்டாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை ஒலிப்பதிவுக்கான பங்குத் தொகை கொடுப்பதில்லை. அடுத்த பாட்டை வெளியிடும்போது குறைந்தது ஏழு நாள் முன்பே கலைஞர் கணக்கு வழியாக ஸ்பாட்டிஃபையில் பாட்டுப் பட்டியல்களைத் தயாரிக்கும் குழுவுக்கு அனுப்பிவிடுங்கள். பின்தொடர்பவர்களின் வாராந்தரப் புதுப்பாட்டுப் பட்டியலில் அது தானாகச் சேரும். இதற்குக் காசு கிடையாது.

இவ்வளவுக்குப் பிறகும் தனியார் எஃப்எம்மில் செலவு செய்யத்தான் வேண்டும் என்று வீட்டில் முடிவானால், நிலையத்தின் விளம்பரப் பிரிவையே நேரில் கேளுங்கள். விளம்பரமாக விளம்பர நேரத்தில், விளம்பரக் கட்டணத்துக்கு ஓடட்டும். அதில் தவறொன்றும் இல்லை. மதுரைக்காரரிடமும் எழுத்தில் கேளுங்கள்: எந்த நிலையம், எந்த நிகழ்ச்சி, எத்தனை மணி, எத்தனை முறை, விளம்பரமாகவா நிகழ்ச்சிக்குள்ளா, ஜிஎஸ்டி பில் நிலையத்தின் பெயரில் வருமா. அந்தப் பில்லைத் தர மாட்டேன் என்றால் பேச்சை அங்கேயே முடித்துவிட்டு, கோடை பண்பலைக்கான கடிதத்தைத் தபாலில் சேருங்கள்.