பகலில் பாமினி, இரவில் வலரன்ட்: எந்த சுவிட்ச் பொருந்தும்?

கேள்வி: கிளிநொச்சியில் ஓர் அச்சகத்துக்கு வீட்டிலிருந்தே தட்டச்சு செய்து கொடுக்கிறேன். கல்யாண அழைப்பிதழ், நினைவு மலர், ரியூசன் வினாத்தாள் எல்லாமே பாமினி எழுத்துருவில்தான். மாலையானால் வலது கைச் சுண்டுவிரல் களைத்துப் போகிறது. இரவில் அதே கணினியில் தம்பி வலரன்ட் விளையாடுவான். இப்போதுள்ள விசைப்பலகையில் சில விசைகளைச் சேர்த்து அழுத்தினால் ஒன்று வேலை செய்வதில்லை என்கிறான். ஒவ்வொரு விசைக்கும் அடியில் தனி சுவிட்ச் உள்ள மெக்கானிக்கல் விசைப்பலகை வாங்க முடிவு செய்திருக்கிறோம். தட்டச்சுக்கு நீல சுவிட்ச்தான் சிறந்தது என்கிறார் கடைக்காரர். தம்பிக்குச் சிவப்பு வேண்டும். கபிலம் இரண்டுக்கும் பொருந்தும் என்றும் படித்தேன். அம்மா சிறு சத்தத்துக்கும் விழித்துவிடுவார். பிரான்ஸில் இருக்கும் சித்தப்பா வாங்கி அனுப்பவும் தயார். எதைக் கேட்பது?

பதில்: சிவப்பைக் கேளுங்கள். முடிந்தால் சத்தம் குறைத்த சிவப்பு. அதைவிட முக்கியமாக, சுவிட்சுகளைப் பற்றவைப்பு இல்லாமல் கையாலேயே கழற்றி மாற்றக்கூடிய விசைப்பலகையாக இருக்கட்டும். நீலத்தை உங்கள் வீட்டுக்குள் விடவேண்டாம். கடைக்காரர் சொன்னது ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யும் ஒருவரின் தனியறைக்குப் பொருந்தலாம். நீங்கள் பாமினியில் தட்டுகிறீர்கள். அந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுக்காமல் உங்களுக்கு ஆலோசனை சொல்ல முடியாது.

சுண்டுவிரல் ஏன் களைக்கிறது என்று முதலில் பார்ப்போம். பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்துப் பாருங்கள். த, ம, விசிறி (இகரக் குறி), ழ, குற்று (மெய்யெழுத்தின் புள்ளி) என ஐந்து அழுத்தங்களும் வலது கைக்கே வருகின்றன. அவற்றில் விசிறி, குற்று இரண்டும் சுண்டுவிரலின் வேலை. குற்று, ஆங்கில அரைப்புள்ளி இருக்கும் இடத்தில், சுண்டுவிரல் ஓய்வாக இருக்கும் விசையிலேயே அமர்ந்திருக்கிறது. ‘அம்மா’ என்று அடித்தாலும் ஐந்தும் வலது கைதான். தமிழில் குற்று இல்லாத வரியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆகவே கையின் மிக மெலிந்த விரல், நாள் முழுவதும் அழுத்தங்களில் ஒரு பெரும் பங்கைத் தாங்குகிறது. இடது சுண்டுவிரலுக்கும் விடுதலை இல்லை. து, மு, டு, ரு, லு எல்லாம் ஷிப்டோடு வருபவை. அந்த எழுத்துகள் வலது கைப் பக்கம் இருப்பதால் ஷிப்டை இடது சுண்டுவிரல்தான் பிடிக்க வேண்டும்.

எனவே உங்களுக்கு முதல் கேள்வி நிறம் பற்றியது அல்ல. ஒரு விசையை இறக்க எவ்வளவு பலம் தேவை என்பதுதான். ஜெர்மனியின் செரி நிறுவனம் 1980களில் கொண்டுவந்த எம்எக்ஸ் சுவிட்சுகளின் நிறங்களைத்தான் இன்று பலரும் பின்பற்றுகிறார்கள். செரியின் சிவப்புக்கு 45 சென்ரிநியூட்டன் போதும். கிராமில் சொன்னால் ஏறக்குறைய 46. கபிலத்துக்கு 55 சென்ரிநியூட்டன். நீலத்துக்கு 60. ஒரு தடவை அழுத்தும்போது இந்த வேறுபாடு தெரியவே தெரியாது. பக்கம் பக்கமாக வினாத்தாள் அடிக்கும் சுண்டுவிரலுக்குத் தெரியும்.

சுவிட்சின் உள்ளே என்ன நடக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது. மேல்மூடியைக் கழற்றினால் நான்கு பொருள்கள்தான் இருக்கும்: கூட்டல் குறி போன்ற தலையுள்ள நிறத் தண்டு, அதன் கீழே ஒரு சுருள் வில், பக்கத்தில் மெல்லிய செப்பு நிறத் தகடுகள் இரண்டு. தண்டின் ஒரு பக்கத்தில் இரண்டு சிறு கால்கள் நீட்டிக்கொண்டிருக்கும். விசை மேலே இருக்கும்போது அந்தக் கால்கள் ஒரு தகட்டை மற்றதிலிருந்து விலக்கிப் பிடிக்கின்றன. விசை இறங்கும்போது கால்களும் இறங்க, தகடு விடுபட்டு மற்றதைத் தொடும். எழுத்து பதிவாகும். சிவப்பில் அந்தக் கால்கள் வழுவழுப்பான சரிவு. விரல் தடையின்றி இறங்கும். கபிலத்தில் அதே சரிவில் நகக்கண்ணளவு புடைப்பு. விரலுக்கு ஒரு சிறு தடக்கல் தெரியும், காதுக்கு எதுவும் கேட்காது. நீலத்தில் தண்டு இரண்டு துண்டு. வெள்ளை நிறத் துண்டு தனியாக வழுக்கி விழுந்து ‘டக்’ என்று அடிக்கும்.

அந்த ‘டக்’ உங்கள் வீட்டில் பெரிய பிரச்சினை. நம் ஊர் வீடுகள் பலவற்றில் அறைச் சுவர் ஓடு வரை போவதில்லை, சீலிங்கும் இல்லை. ஓர் அறையில் பேசினால் மற்ற அறையில் கேட்கும். தம்பி நடமாட்ட விசைகளையும் பதுங்கும் விசையையும் இரவு பதினொரு மணிக்குத் தட்டிக்கொண்டிருந்தால் அம்மாவின் தூக்கத்துக்கு எந்த வழியும் இல்லை. விளையாட்டுக்கும் நீலம் உகந்ததல்ல. எழுத்து பதிவாகும் இடத்தைவிட உயரத்துக்கு விசை திரும்பி வந்தால்தான் அடுத்த அழுத்தம் பதிவாகும். ஒரே விசையை விரைவாக இரண்டு முறை தட்ட வேண்டிய இடத்தில் அந்தத் தாமதம் விரலுக்குப் பிடிபடும்.

கபிலம் இரண்டுக்கும் பொருந்தும் என்று நீங்கள் படித்தது பொய்யில்லை. ஆங்கிலத்தில் மட்டும் தட்டுபவர் என்றால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் அந்தப் புடைப்பைத் தாண்ட ஒவ்வொரு முறையும் சற்றுக் கூடுதல் பலம் வேண்டும். குற்று விழும் ஒவ்வொரு முறையும் அதைச் சுண்டுவிரல் கொடுக்க வேண்டும். தமிழ்99 என்ற வேறு தட்டச்சு முறைக்கு மாறியவர்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு. அதில் குற்று இடது ஆள்காட்டி விரலின் கீழ் இருக்கிறது, பல இடங்களில் மென்பொருளே அதைப் போட்டுவிடும். அச்சக வேலை பாமினியில் இருக்கும்வரை உங்களால் மாற முடியாது என்பது எனக்குப் புரிகிறது.

சிவப்பில் ஒரு குறை உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. இலேசாக இருப்பதால் விரலை ஓய்வாக வைத்தாலே எழுத்து விழும். பழைய ரப்பர் விசைப்பலகையில் அழுத்தி அழுத்திப் பழகிய கைக்கு முதல் நாட்களில் தேவையில்லாத குற்றுகளும் இரட்டை எழுத்துகளும் வரும். அவசர வேலை கையில் இருக்கும்போது மாற்றாதீர்கள். விசை பாதி இறங்கும்போதே, அதாவது 4 மில்லிமீற்றர் பயணத்தில் 2 மில்லிமீற்றரிலேயே எழுத்து பதிவாகிவிடுகிறது. அடிமட்டம் வரை குத்தத் தேவையில்லை என்பதைக் கை கற்றுக்கொண்டதும் களைப்பும் குறையும், சத்தமும் குறையும். அந்தப் பழக்கம் வந்த பிறகும் சிவப்பு மிக இலேசு என்று பட்டால் கேற்றரன் நிறுவனத்தின் மஞ்சள் இருக்கிறது. அதுவும் தடக்கல் இல்லாதது, 50 கிராம், விலையும் குறைவு. நிறப் பெயரை மட்டும் நம்பி வாங்காதீர்கள். செரியின் காப்புரிமை 2014 அளவில் முடிந்த பிறகு பல சீன நிறுவனங்கள் அதே நிறங்களில் செய்கின்றன. ஒரே நிறம் என்றாலும் தேவைப்படும் பலம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பெட்டியில் எழுதியிருக்கும் எண்ணைப் பாருங்கள்.

சத்தம் குறைத்த சிவப்பு என்று சொன்னேன். அதன் தண்டில், மேலேயும் கீழேயும் மோதும் இடங்களில் சிறு ரப்பர் மெத்தை வைத்திருப்பார்கள். செரியின் வகையில் பயணம் 3.7 மில்லிமீற்றர். முதலில் விரலுக்குச் சற்று மந்தமாகத் தோன்றலாம். சாதாரண சிவப்பு ‘டக்’ போடாது என்றாலும் பிளாஸ்டிக்கில் பிளாஸ்டிக் மோதும் ஓசை இருக்கவே செய்யும். அம்மாவுக்காக அந்தச் சிறிய மந்தத்தைப் பொறுத்துக்கொள்வது நல்லது.

இனி தம்பியின் முறைப்பாடு. முன்னே போகும் விசை, இடப்பக்க விசை, மெதுவாக நடக்கும் ஷிப்ட், குதிக்கும் இடைவெளி விசை ஆகியவற்றைச் சேர்த்து அழுத்தும்போது ஒன்று விழாமல் போவதற்கும் சுவிட்சின் நிறத்துக்கும் தொடர்பு இல்லை. மலிவான ரப்பர் விசைப்பலகையின் மின்சுற்றில் சில கூட்டு அழுத்தங்களைப் பிரித்தறிய முடியாது. இப்போதே சோதித்துப் பார்க்கலாம். நோட்பேடைத் திறந்து இரண்டு ஷிப்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஆங்கில எழுத்துகளை அகரவரிசையில் அடிக்கச் சொல்லுங்கள். சில எழுத்துகள் வராமல் போனால் அதுதான் கோளாறு. மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டயோட்டை ஒவ்வொரு விசைக்கும் வைத்து, எல்லா விசைகளையும் ஒரே நேரத்தில் பதிவுசெய்யும் பலகைகளில் இது வராது. வாங்கும்போது அந்த வசதி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வேகத்துக்காகவே செய்த வெள்ளி நிற சுவிட்சைத் தம்பி கேட்டால் சம்மதிக்க வேண்டாம். அது 1.2 மில்லிமீற்றரிலேயே பதிவாகும். மிச்சமாவது சில மில்லிசெக்கன்கள்தான். கிளிநொச்சியிலிருந்து மும்பை அல்லது சிங்கப்பூர் சேர்வருக்குத் தகவல் போய்வருவதற்கே அதைவிடப் பல மடங்கு நேரம் ஆகிறது. உங்கள் பக்கத்தில் பார்த்தால், விரல் பட்டாலே விழும் குற்றைத் திருத்திக்கொண்டே நாள் போகும். காந்த சுவிட்சுகளைப் பற்றியும் அவன் பேசக்கூடும். நெதர்லாந்தின் வூட்டிங் நிறுவனம் அவற்றைப் பரவலாக்கியது. எந்த ஆழத்தில் பதிவாக வேண்டும் என்பதை 0.1 முதல் 4 மில்லிமீற்றர் வரை நாமே அமைக்கலாம், விசை சற்று எழுந்ததும் விடுபடும்படியும் செய்யலாம். நல்ல தொழில்நுட்பம்தான். ஆனால் விலை கூட, சாதாரண சுவிட்சுகளை அவற்றில் பொதுவாகப் போட முடியாது. போட்டிகளில் இறங்குபவருக்கு மட்டும் அந்தச் செலவு நியாயம். அப்படி இறங்கினாலும் விதிகளைப் பார்க்க வேண்டும். எதிரெதிர்த் திசை விசைகளைத் தானாகவே மாற்றிக்கொடுக்கும் வசதியைக் கவுண்டர் ஸ்ட்ரைக் 2 விளையாட்டில் வால்வ் நிறுவனம் 2024 ஆகஸ்டில் தடைசெய்தது.

கழற்றி மாற்றும் வகையை ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், நம் ஊர்ப் புழுதிக்காகத்தான். ஆயுள் எண்களைப் பார்த்தால் கவலையே இல்லை. செரி தன் சிவப்புக்கு 10 கோடி அழுத்தம் என்கிறது. குற்று விசையை நாளொன்றுக்கு 10,000 முறை தட்டினாலும் 27 ஆண்டு தாங்க வேண்டும். நடைமுறையில் சுவிட்ச் வேறு விதமாகத்தான் கெட்டுப் போகிறது. சோளகம் வீசும் மாதங்களில் யன்னல் வழியாக வரும் நுண்புழுதியும் மாரிகால ஈரமும் தகடுகளுக்கிடையே படியும்போது தொடுகை தடுமாறும். ஒரு முறை தட்டினால் இரண்டு ‘க’ விழும், அல்லது எதுவும் விழாது. பற்றவைத்த பலகையென்றால் அந்த ஒரு விசைக்காக முழுப் பலகையையும் திருத்தக் கொடுக்க வேண்டும். மாற்றும் வகையில் பெட்டியோடு வரும் இடுக்கியால் அந்த ஒன்றை மட்டும் பிடுங்கி, அதிகம் பயன்படாத ஸ்குரோல் லொக் விசையின் சுவிட்சை அந்த இடத்தில் வைத்துவிட்டு வேலையைத் தொடரலாம். திரும்பப் போடும்போது சுவிட்சின் அடியில் நீட்டியிருக்கும் இரண்டு செப்புக் கம்பிகளும் நேராக நிற்கின்றனவா என்று பார்த்துச் செங்குத்தாக அழுத்துங்கள். சாய்வாக அழுத்தினால் கம்பி மடங்கி உள்ளே படுத்துவிடும், மேலிருந்து பார்த்தால் சரியாகப் பொருந்தியது போலவே தெரியும்.

இந்த வசதியால் இன்னொன்றும் செய்யலாம். பலகை முழுவதும் ஒரே சுவிட்ச் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தம்பியின் நடமாட்ட விசைகள் இடது பக்கம், உங்கள் குற்று வலது பக்கம். ஆள்காட்டி, நடு விரல்களுக்குக் கபிலம், சுண்டுவிரல் விசைகளுக்குச் சிவப்பு என்று கலந்துகூட வைக்கலாம். பலகையின் துளைகள் அடியில் மூன்று கால் உள்ள சுவிட்சுக்கா ஐந்து கால் உள்ள சுவிட்சுக்கா என்று மட்டும் பாருங்கள். ஐந்து காலில் கூடுதலாக உள்ள இரண்டும் வெறும் பிளாஸ்டிக், நகவெட்டியால் நறுக்கிவிட்டு மூன்று கால் பலகையிலும் பொருத்தலாம். அவுட்டெமு நிறுவனத்தின் சுவிட்சோடு வரும் சில மலிவுப் பலகைகளின் துளைகள் ஒடுங்கியவை, மற்ற நிறுவனங்களின் கம்பி அவற்றுக்குள் போகாது. அவற்றைத் தவிருங்கள். விசை இறுகினால் தையல் மெஷின் எண்ணெயோ தேங்காயெண்ணெயோ விடாதீர்கள். புழுதியும் எண்ணெயும் சேர்ந்தால் தொடுகைக்கு அதைவிடக் கேடு வேறில்லை. வேலை முடிந்ததும் ஒரு துணியால் மூடுங்கள், பிஸ்கட்டை மேசையில் வைத்துச் சாப்பிடாமல் இருந்தால் எறும்பும் வராது.

ஒரு விடயத்தை அக்கறையோடு சொல்ல வேண்டும். களைப்பு விரலில் விறைப்பாகவோ இரவிலும் நிற்காத வலியாகவோ மாறினால் எந்த சுவிட்சும் அதற்கு மருந்தாகாது. வைத்தியரிடம் காட்டுங்கள். மெக்கானிக்கல் பலகை பழையதைவிட உயரமாக இருக்கும். பின்பக்கக் கால்களை மடக்கியே வையுங்கள், மணிக்கட்டு மேல்நோக்கி மடியாமல் நேராக இருக்கட்டும்.

சித்தப்பாவிடம் கேட்பதற்கு முன் இதை அவருக்குத் தெளிவாக எழுதுங்கள். பிரான்ஸ் கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் அந்நாட்டு அமைப்பு. எழுத்துகள் இடம் மாறி அச்சிடப்பட்டிருப்பது உங்களுக்குத் தொல்லையில்லை. விண்டோஸில் அமெரிக்க அமைப்பைத் தெரிவுசெய்தால் விசையின் இடத்தை வைத்தே பாமினி வேலை செய்யும், உங்கள் கை மனப்பாடமாகவே போகும். தொல்லை இடது ஷிப்டில் இருக்கிறது. ஐரோப்பியப் பலகையில் அது குட்டை, அதற்குப் பக்கத்தில் ஒரு கூடுதல் விசை நிற்கும். து, மு, டு அடிக்கும்போதெல்லாம் சுண்டுவிரல் அந்தக் கூடுதல் விசையில் போய் விழும். நீண்ட இடது ஷிப்ட் உள்ள அமெரிக்க அமைப்பு, கழற்றி மாற்றும் சுவிட்ச், சத்தம் குறைத்த சிவப்பு, எண்பகுதியும் சேர்ந்த முழு அளவு என்று எழுதுங்கள். அங்கே அமெரிக்க அமைப்பு கிடைக்காவிட்டால் சித்தப்பா சிரமப்பட வேண்டாம். கொழும்புக்குப் போகும் யாரிடமாவது சொல்லி, பம்பலப்பிட்டி யூனிற்றி பிளாசாவில் விசாரிக்கச் சொல்லுங்கள். வந்து சேர்ந்த அன்றே நோட்பேடில் ஒவ்வொரு விசையையும் பத்துப் பத்து முறை தட்டுங்கள். இரட்டிப்பாக விழும் விசை இருந்தால் உத்தரவாதக் காலத்துக்குள்ளேயே சொல்லிவிடுங்கள்.